போலோவுக்கு ரோல் கேஜ்: கனமான குழாய் போட்டால் போதாதா?

மண்தடம்

அனைவருக்கும் வணக்கம். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ கார் ஒன்றை ஆட்டோகிராஸுக்கும் (மண் தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி), கைகூடினால் அடுத்த ஆண்டு ராலிக்கும் தயார் செய்கிறேன். உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றியாகிவிட்டது. இருக்கை, தரைவிரிப்பு, கூரைத் துணி எதுவும் இல்லை; வெறும் தகடுதான் நிற்கிறது. அடுத்த வேலை ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூடு.

கோவையில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். முதல் பட்டறைக்காரர், "ஒன்றரை இன்ச் பைப், நல்ல கனம், போல்ட் போட்டு மாட்டிவிடலாம், ஒரு வாரத்தில் வண்டியை எடுத்துப் போங்கள்" என்கிறார். இரண்டாமவர் சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) குழாய், முழுக்க வெல்டிங், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார். செலவு ஏறக்குறைய மூன்று மடங்கு. கேஜ் என்றால் இரும்புக் குழாய்தானே? கனமானதாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தீப்பொறி

அந்த "ஒன்றரை இன்ச்" எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்க் கடையில் ஒன்றரை இன்ச் என்றால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. கேஜ் வேலையில் ஒன்றரை இன்ச் என்றால் வெளிவிட்டம் 38 மி.மீ. இரண்டும் ஒரே பெயர், வெவ்வேறு பொருள். உங்கள் முதல் பட்டறைக்காரர் எதைச் சொன்னார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி எழுதும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதியில் இது தெளிவாக இருக்கிறது. இணைப்பு ஜே, பிரிவு 253. குளிர்நிலையில் இழுத்த, ஒட்டு இல்லாத, கலப்பு சேராத கார்பன் எஃகு. இழுவலிமை குறைந்தது சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும், அல்லது 50 விட்டமும் 2.0 சுவரும். மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. இவை குறைந்தபட்ச அளவுகள். இதற்குக் கீழே போனால் பேச்சே இல்லை. நம் ஊர்ப் போட்டிகளுக்கு இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அந்த ஆண்டுக்கு வெளியிடும் விதியையும் எடுத்துப் படியுங்கள். பட்டறைக்காரர் சொன்னார் என்று சோதனை மேசையில் போய்ச் சொல்ல முடியாது.

கடையில் மலிவாகக் கிடைப்பது ஈ.ஆர்.டபிள்யூ. குழாய். தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் ஒட்டவைத்தது. மேசை செய்ய, கதவு செய்ய நல்ல சரக்கு. கேஜுக்கு வளைக்கும்போது அந்த ஒட்டு வளைவின் வெளிப்பக்கம் வந்து நின்றுகொண்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை.

வளைப்பு அடுத்த தலைவலி. பல பட்டறைகளில் இருக்கும் ஹைட்ராலிக் பெண்டர் தண்ணீர்க் குழாய்க்கானது. அதன் அச்சு 48.3க்குக் கடைந்தது. அதில் 45 குழாயை வைத்து அழுத்தினால் பக்கவாட்டில் பிடிப்பு இல்லாமல் குழாய் நசுங்கும். விதிப்படி வளைவின் ஆரம், குழாயின் நடுக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 45க்கு 135 மி.மீ. வளைந்த இடம் முட்டையாகியிருந்தால், சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து வருவது 0.9க்குக் குறையக் கூடாது. வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 46.5, மறுபக்கம் 41 வந்தால் 0.88. அந்தக் குழாய் பழைய இரும்புக் கடைக்கு.

மலைப்பாதை ஜீப்

நண்பர்கள் ரொம்பவும் பயமுறுத்துகிறீர்கள். என் ஜீப்பில் பல வருடமாக ஜி.ஐ. பைப் கேஜ்தான் இருக்கிறது. வால்பாறை, கொல்லிமலை என்று சுற்றியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

தீப்பொறி

வண்டி கவிழவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. கேஜ் அதில் என்ன செய்தது?

ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதை முழுதாக உரிக்காமல் வெல்டிங் செய்தால் பூச்சு ஆவியாகி உலோகக் குழம்புக்குள் புகுந்து துளை துளையாக விட்டுப் போகும். மேலே பார்க்க வழவழவென்று இருக்கும், உள்ளே சல்லடை. வேலை செய்பவருக்கு அன்று இரவு காய்ச்சல் வருவது தனிக் கதை.

கணக்குப்பிள்ளை

"கனமான குழாய்" என்ற கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். விதி தரும் இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள்.

45க்கு 2.5 குழாய் மீட்டருக்குச் சுமார் 2.62 கிலோ. 50க்கு 2.0 குழாய் சுமார் 2.37 கிலோ. எடை குறைந்தது இரண்டாவது. ஆனால் வளையாமல் நிற்கும் திறனைப் பார்த்தால், வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்பம் (வளைவை எதிர்க்கும் அளவு, மி.மீ. நான்காம் படியில்) முதலாவதற்கு ஏறக்குறைய 75,600, இரண்டாவதற்கு 87,000. பத்து சதவீத எடையைக் குறைத்து, பதினைந்து சதவீத விறைப்பைக் கூட்டியிருக்கிறோம். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேலை செய்யும். உள்பக்கம் இரும்பை நிரப்பினால் வண்டிதான் கனக்கும். அதற்காக எல்லோரும் 50க்கு ஓட வேண்டாம். சுவர் மெலிந்ததால் வளைக்கும்போது எளிதில் மடியும்; போலோ மாதிரிச் சிறிய வண்டியில் தலைக்குப் பக்கத்தில் அந்த 5 மி.மீ.கூடப் பெரிய இடம்.

இதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு கேஜில் குழாய் வளைந்து தாங்க வேண்டிய நிலை வந்தாலே வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று பொருள். குழாய் நீளவாக்கில் அழுந்தியும் இழுபட்டும் தாங்க வேண்டும். அதற்குத்தான் முக்கோணம். முதன்மை வளையம் வெறும் சட்டமாக நின்றால் பக்கவாட்டு அடியில் சாய்சதுரமாகச் சாயும். குறுக்கே ஒரு மூலைவிட்டம் விழுந்தால் சாய இடமில்லை. அந்த மூலைவிட்டத்தின் கீழ்முனை, வளையம் தரையில் ஊன்றும் பாதத்திலிருந்து 100 மி.மீ.க்குள் சேர வேண்டும் என்று விதி சொல்வதற்கும் காரணம் இதுதான். மேலே தள்ளிச் சேர்த்தால் பாதத்துக்கும் சந்திப்புக்கும் நடுவே இருக்கும் துண்டு வளையத் தொடங்கும். வளையத்தைப் பின்னாலிருந்து தாங்கும் பின்தாங்கிக் குழாய்களும் அப்படியே: கூரை மட்டத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, செங்குத்திலிருந்து குறைந்தது 30 பாகை பின்னோக்கிச் சாய்ந்து, நேராக இறங்க வேண்டும். நேராக என்றால் நேராகத்தான். பின்சக்கர வளைவு இடிக்கிறது என்று நடுவில் ஒரு வளைப்பு கொடுத்தால் அந்த வளைப்பே முதலில் மடங்கும்.

மண்தடம், உங்களிடம் ஒரு கேள்வி. இரண்டு பட்டறைக்காரர்களும் பாதம் எப்படி வைப்பதாகச் சொன்னார்கள்?

மண்தடம்

முதலாமவர் தரையில் ஒரு தகடு வைத்து போல்ட் போடுவதாகச் சொன்னார். எத்தனை மி.மீ. என்று கேட்கவில்லை. இரண்டாமவர் ஏதோ பெட்டி மாதிரி செய்து, கதவுக்குக் கீழே ஓடும் சில்லோடு சேர்ப்பதாகச் சொன்னார். எனக்குச் சரியாகப் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் இரண்டாமவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

ஒரு கணக்கு. கேஜ் தயாரிப்பாளர்கள் தங்கள் வடிவமைப்புக்கு ஒப்புதல் கேட்டால் எஃப்.ஐ.ஏ. ஒரு சுமைச் சோதனை வைத்திருக்கிறது. வண்டி எடையோடு 150 கிலோ சேர்த்து, அதைப் போல் ஏழரை மடங்கு சுமையை முதன்மை வளையத்தின் தலையில் அழுத்துவார்கள். 50 மி.மீ.க்கு மேல் உருமாறக் கூடாது, எங்கும் உடையக் கூடாது. ஆயிரம் கிலோ வண்டிக்கு இது 8,600 கிலோவைத் தாண்டும். இத்தனையும் எங்கே போய் இறங்குகிறது? உங்கள் தரைத் தகட்டில். அதன் தடிமன் ஒரு மி.மீ.கூட இல்லை. குழாயின் வெட்டுமுகம் சுமார் 334 சதுர மி.மீ. அதை அப்படியே தகட்டில் நிறுத்தினால், ஈர மண்ணில் கட்டில் கால் இறங்குகிற மாதிரி தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். கேஜ் முழுசாக இருக்கும், கூரை உங்கள் தலையில் இருக்கும்.

அதனால்தான் பாதத்தின் கீழ் 3 மி.மீ. தடிமனில் 120 சதுர செ.மீ. வலுவூட்டுத் தகடு கேட்கிறார்கள். குழாய் வெட்டுமுகத்தைப் போல் 36 மடங்கு பரப்பு. பின்தாங்கிப் பாதங்களுக்கு 60 சதுர செ.மீ. போதும். அந்தத் தகட்டையும் தட்டையாக நடுத்தரையில் ஒட்டுவதைவிட, எல் வடிவில் மடித்து, ஒரு கை தரையிலும் மறுகை சில்லின் செங்குத்துச் சுவரிலும் பிடிக்க வைப்பது பல மடங்கு மேல். சில் ஒரு மூடிய பெட்டி. வண்டியில் விறைப்பான இடம் அதுதான். இரண்டாமவர் சொன்ன பெட்டி அதற்குத்தான்.

போல்ட் போட்ட கேஜ் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். விதியே அதை அனுமதிக்கிறது: வலுவூட்டுத் தகடு உடலோடு வெல்டிங் ஆகியிருக்க வேண்டும், முதன்மைப் பாதம் ஒவ்வொன்றிலும் 8.8 வலிமைத் தரத்தில் எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட் மூன்றாவது இருக்க வேண்டும். ஆனால் "தகடு வைத்து போல்ட்" என்று ஒருவர் வாயால் சொல்வதற்கும் இதற்கும் வெகுதூரம்.

மண்தடம்

நன்றி, இப்போது பிடிபடுகிறது. இன்னொரு சந்தேகம். முதன்மை வளையம் கூரையை ஒட்டி நிற்கும்போது, மேலே பின்தாங்கி சேரும் இடத்தில் வெல்டிங் டார்ச் எப்படி உள்ளே போகும்? முதல் பட்டறைக்காரர், "மேல் பக்கம் வராது, மூன்று பக்கம் அடித்தால் போதும், யாருக்கும் தெரியாது" என்றார்.

தீப்பொறி

தெரியும். சோதனைக்கு வருபவர்கள் முதலில் அங்கேதான் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பார்கள். இப்போது செல்பேசியைக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவே செருகிப் படமே எடுத்துவிடுகிறார்கள். குழாயின் முழுச் சுற்றளவிலும் வெல்டிங் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று பக்கம் என்பது விதியில் இல்லை. வண்டி கவிழ்ந்தால் முதலில் அடி வாங்கும் சந்திப்பே அதுதான், அதில் போய் மிச்சம் பிடிக்கலாமா?

வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். பாதம் வரும் இடங்களில் தரைத் தகட்டைக் குழாய் புகும் அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். கேஜை உள்ளே அங்கங்கே டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடித்துப் பொருத்திய பிறகு, மொத்தமாக அந்தத் துளைகள் வழியே கீழே இறக்குங்கள். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். இப்போது மேல் சந்திப்புகளைச் சுற்றிச் சுற்றி நிம்மதியாக அடிக்கலாம். முடிந்ததும் கேஜைத் தூக்கி இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தி, அடியில் பாதப் பெட்டிகளைச் செருகி மூடுங்கள். துளை மறைந்துவிடும், பாதமும் உறுதியாகும். வேறு சிலர் கூரைத் தகட்டின் புள்ளி வெல்டிங்குகளைத் துளையிட்டுக் கூரையையே கழற்றி விடுவார்கள். சுத்தமான வேலை, ஆனால் திரும்பப் பொருத்த நல்ல டிங்கர் வேண்டும்.

சந்திப்பு ஒவ்வொன்றிலும் குழாய் முனையை அடுத்த குழாயின் வளைவுக்குக் குடைந்து, இடைவெளி தெரியாமல் உட்கார வைக்க வேண்டும். விளக்கை மறுபக்கம் பிடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பி மெழுகுகிறவர்கள் கையில் வேலையைக் கொடுக்காதீர்கள். மிக் வெல்டிங் போதும், டிக் வெல்டிங் இன்னும் நல்லது. வாயுப் பாதுகாப்புள்ள முறையைத்தான் விதியும் விரும்புகிறது. முடிந்த வெல்டிங்கை அழகுக்காக கிரைண்டரில் தேய்த்துவிட்டால் நான் அந்த வண்டியில் உட்கார மாட்டேன். தேய்த்த இடத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நான்காமாண்டு மெக்கானிக்கல்

அண்ணா, நாங்கள் கல்லூரியில் பாஹா என்ற மாணவர் போட்டிக்குக் கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டி கட்டுகிறோம். எங்கள் விதியில் முதன்மைக் குழாய் 25.4 மி.மீ. விட்டத்துக்கு 3.05 மி.மீ. சுவர், கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையாமல். அல்லது 1018 என்ற சாதாரண கார்பன் எஃகில் அந்த அளவுக்குச் சமமான வளைவு விறைப்பும் வளைவு வலிமையும் காட்டும் வேறு குழாய். 4130 குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) எடுக்கலாமா என்று அணியில் வாக்குவாதம். "குரோமோலி விறைப்பு அதிகம், மெல்லிய குழாய் போதும்" என்கிறான் நண்பன். மென்பொருளில் பாதுகாப்புக் காரணி (சுமையைப் போல் எத்தனை மடங்கு தாங்கும் என்ற எண்) 2.8 வந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை

தம்பி, நண்பரிடம் சொல்லுங்கள்: குரோமோலிக்கு வலிமைதான் அதிகம், விறைப்பு அல்ல. விறைப்பைத் தீர்மானிக்கும் மீள்குணகம் இரண்டு எஃகுக்கும் ஏறக்குறைய 205 கிகாபாஸ்கல்தான். அதனால் அதே விட்டத்தில் சுவரை மட்டும் மெலித்தால் விறைப்புச் சோதனையில் விழுவீர்கள். விட்டத்தைக் கூட்ட வேண்டும். 31.75க்கு 1.65 எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் குழாயின் விறைப்பு சுமார் 2,790 நியூட்டன் சதுர மீட்டர். இதற்கு 3,600க்கு மேல் வரும். மீட்டருக்கு 1.68 கிலோ இருந்த எடை 1.23க்கு இறங்கும். இங்கே குரோமோலி வாங்குவதில் பொருள் உண்டு.

2.8 என்ற எண்ணைப் பற்றி: எங்கே பிடித்து வைத்தீர்கள், எங்கே அழுத்தினீர்கள் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பின்சட்டத்தை அசையாமல் பூட்டிவிட்டு முன்னால் அழுத்தினால் எந்தக் கேஜும் தேறும். சந்திப்புகளை மென்பொருள் முழு வலிமையோடு ஒட்டியதாக எடுத்துக்கொள்கிறது; உங்கள் அணியின் வெல்டிங்கை அது பார்த்ததில்லை. அதற்காகத்தான் வெல்டிங் மாதிரிகளை உடைத்துக் காட்டச் சொல்கிறார்கள். வண்டியில் வெல்டிங் செய்கிற அதே கை, அதே குழாயில் செய்த மாதிரியாக இருக்கட்டும். உடைக்கும்போது குழாய் கிழிய வேண்டும், வெல்டிங் பிரியக் கூடாது.

பக்கத்து இருக்கை

ராலியில் இணை ஓட்டுநராக உட்காருகிறவன் என்ற முறையில் ஒரு குறை: இதுவரை எல்லோரும் கவிழ்வதைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். கவிழ்வது பார்க்கத்தான் பயங்கரம். 2020 மான்டே கார்லோவில் ஓட் தானாக்கின் ஹூண்டாய் சாலையை விட்டுப் பறந்து சரிவில் உருண்டது. அவரும் இணை ஓட்டுநரும் தாமாகவே நடந்து வெளியே வந்தார்கள். உருளும்போது வேகம் பல அடிகளாகப் பிரிந்து கரைந்துவிடுகிறது, கேஜுக்கு அது கைவந்த வேலை.

எனக்குப் பயம் மரம். 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் மார்க்கோ மார்ட்டினின் பெஜோ 307 பக்கவாட்டில் மரத்தில் மோதியது. இணை ஓட்டுநர் மைக்கேல் பார்க் இறந்துபோனார். அது உலக ராலியின் உச்ச நிலை வண்டி, கேஜில் குறை சொல்ல முடியாது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு முழம்கூட இல்லை. 2011இல் இத்தாலியில் ராபர்ட் குபிட்சாவின் ஃபாபியாவுக்குள் சாலைத் தடுப்புக் கம்பியே புகுந்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார், வலது கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குழாய்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கேஜ் காப்பாற்றாது.

ஆகவே மண்தடம், கதவுக் குழாய்க்குச் சோம்பல் படாதீர்கள். ஒற்றைக் குழாய் வேண்டாம், எக்ஸ் வடிவம் போடுங்கள். ஒரு கை முழு நீளத்துக்கு ஒரே குழாயாக ஓட வேண்டும், மற்றது இரண்டு துண்டாக வந்து நடுவில் சேரட்டும். சேருமிடத்தில் முக்கோணத் தகடு வையுங்கள். மேல்முனை கதவுத் திறப்பின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் வெளியே ஏறி வர வேண்டியவர் நீங்கள். ஹெல்மெட்டும் வாரும் போட்டுக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் படுத்திருப்பதாக நினைத்து ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். இருக்கையைக் கதவிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். அந்தச் சில செ.மீ.க்கு எந்தக் குழாயும் ஈடாகாது.

ஹெல்மெட் தொடக்கூடிய இடமெல்லாம் எஃப்.ஐ.ஏ. 8857 தரமுள்ள திண்டு. ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை அல்ல. அது விரலால் அழுத்தினாலே அமுங்கிவிடும், தீயும் பிடிக்கும்.

மலைப்பாதை ஜீப்

சரி, போட்டிக்கு இதெல்லாம் வேண்டும். என்னைப் போல் மலைக்குச் சுற்றுலா போகிறவனுக்கு?

பக்கத்து இருக்கை

உங்களுக்குக் கேஜே வேண்டாம் என்பேன். சாலையில் ஹெல்மெட் போட்டு யாரும் ஓட்டுவதில்லை. வெறும் தலைக்கு அரை அடி தூரத்தில் இரும்புக் குழாய் இருந்தால், சாதாரண மோதலில் மண்டை போய் அதில்தான் இடிக்கும். மூன்று முனை வார் உடம்பை அவ்வளவு இறுகப் பிடிக்காது. பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள வண்டியாக இருந்தால், கூரை விளிம்பில் ஓடும் குழாய் அதை விரியவே விடாது. பின்னிருக்கையில் குழந்தைகள் உட்காருகிற வண்டியில் பின்தாங்கி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் கோபத்தில் வார்த்தை தடித்துவிடும், விட்டுவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த வடிவை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மண்தடம், உங்கள் போலோவைப் போட்டி இடத்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவையும் இப்போதே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை ஜீப்

பின்னிருக்கைக்கு மேல் போகும் குழாயை இந்த வாரம் எடுத்துவிடுகிறேன். மற்றதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கதவும் கூரையும் இல்லாத ஜீப்புக்கும் கூரை போட்ட காருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஜீப் கவிழ்ந்தால் கேஜ் இல்லாமல் மிஞ்சுவது முன்கண்ணாடிச் சட்டம் மட்டும்தான்.

தீப்பொறி

இது நியாயமான பேச்சு. ஜீப்புக்கு வளையம் வேண்டும்தான். தண்ணீர்க் குழாயில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மண்தடம்

இரண்டாம் பட்டறைக்கே போகிறேன். 45க்கு 2.5 சீம்லெஸ், கதவில் எக்ஸ், சில்லோடு சேர்ந்த பாதப் பெட்டி என்று பேசி முடித்துவிட்டேன். தரையை வெட்டி இறக்கும் முறையைச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "அப்படித்தான் செய்வேன், அதற்குத்தான் ஒரு மாதம்" என்றார். குழாயை வாங்கிவிட்டு முதலில் எதைத் தொட வேண்டும்?

தீப்பொறி

இருக்கையை. பக்கெட் இருக்கையை அதன் கடைசி இடத்தில் பொருத்தி, நீங்கள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, பிறகுதான் முதன்மை வளையத்தை அளக்க வேண்டும். தோள் வார் கட்டும் குறுக்குக் குழாயின் உயரமும் அப்போதுதான் தெரியும்: இருக்கையிலிருந்து பின்னோக்கிப் போகும் வார் கிடைமட்டத்துக்கு 10 பாகைக்குள் இறங்கினால் நல்லது, 45ஐத் தாண்டவே கூடாது. வார் செங்குத்தாக இறங்கினால் மோதலில் முதுகெலும்பை நசுக்கும். கேஜை முடித்துவிட்டு இருக்கையைத் தேடுகிறவர்கள் வண்டியில்தான் தோள் உயரமும் வார் உயரமும் ஒத்துப்போவதில்லை.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், கணினிப் பெட்டியின் இணைப்பை உருவிவிடுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பூச்சைச் சுரண்டி எடுங்கள். பாதம் வரும் இடத்தில் மட்டும் அல்ல, சுற்றிலும் ஒரு முழம். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் பெயின்ட் அடிக்கக் கை பரபரக்கும். சோதனையாளர் ஒருவரை அழைத்து வெல்டிங்கைக் காட்டிய பிறகு அடியுங்கள். அதுவரை துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய் துடைப்பு போதும்.